அட்டை ஜெர்மனியுடையது, வேலை நெதர்லாந்தில்

கேள்வி: ஓசூரில் டூல் டிசைனராக இருந்த என் மகன், இப்போது ஜெர்மனியின் ஆகென் நகரில் சொந்தமாகத் தொழில் செய்கிறான். இந்தியப் பாஸ்போர்ட், சுயதொழிலுக்கான குடியிருப்பு அட்டை. எல்லையைத் தாண்டினால் நெதர்லாந்தின் ஹேர்லென். அங்குள்ள கம்பெனி வாரம் 3 நாள் நேரில் வரச் சொல்கிறது. அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குப் போய்வருகிற மாதிரிதானே?
– வாசகி, ஓசூர்

பதில்: தூரத்தைப் பார்த்தால் அப்படித்தான். சட்டம் வேறு. ஜெர்மன் அட்டை இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்கலாம். தங்கத்தான், வேலைக்கு அல்ல. எல்லை தாண்டித் தொழில் செய்யும் உரிமை ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு உண்டு, உங்கள் மகனுக்கு இல்லை. வழியில் பெரும்பாலும் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை என்பதால் பலர் இதில் ஏமாறுகிறார்கள். பிடிபட்டால் அபராதம் வேலை கொடுத்த டச்சுக் கம்பெனிக்கும் விழும். இதைச் சொன்னாலே அவர்கள் 'நேரில் வா' என்பதைக் கைவிடக்கூடும்.

ஏ1 சான்றிதழ் வாங்கினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். எந்த நாட்டில் சமூகக் காப்பீட்டுச் சந்தா கட்டுகிறோம் என்பதற்கான தாள் அது. வேலை அனுமதி ஆகாது.

ஆகெனில் தன் மேசையிலிருந்தே டிராயிங் போட்டு அனுப்பலாம், தடையில்லை. பில்லில்தான் கவனம் வேண்டும். இரு தரப்பின் வாட் (மதிப்புக் கூட்டு வரி) எண்ணும் இருக்க வேண்டும். டச்சு எண் செல்லுபடியாகிறதா என்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் வாட் எண் சரிபார்ப்புத் தளமான வைஸில் (VIES) பார்த்துக்கொள்ளட்டும். வரி போடாமல், 'சேவையைப் பெறுபவரே வரி செலுத்துவார்' என்பதற்கான ஜெர்மன் வாசகத்தை எழுத வேண்டும். பழக்க தோஷத்தில் ஜெர்மன் வாட் 19 சதவீதம் போட்டுவிட்டால், பில்லைத் திருத்தும்வரை அந்தத் தொகை அவர் தலையில்தான்.

5 வருடம் சட்டப்படி வாழ்ந்தபின் நிரந்தர அட்டைக்கு மனுப் போடும்போது, பெயர் 'ஈ.யூ.' (ஐரோப்பிய ஒன்றியம்) என்று முடிவதைக் கேட்டு வாங்கட்டும். சாதாரண நிரந்தர அட்டை ஜெர்மனிக்குள் மட்டுமே. ஈ.யூ. அட்டை இருந்தால் நெதர்லாந்துக்கே குடிபோய், 3 மாதத்துக்குள் அங்கே சுயதொழில் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: மாங்காய் சீசனுக்கு ஊருக்கு வந்து, இங்கிருந்தே வேலை பார்த்தால்?

பதில்: இந்தியக் குடிமகன், வேலை செய்ய அனுமதி தேவையில்லை. ஆனால் முன்கூட்டியே ஒப்புதல் வாங்காமல் 6 மாதத்துக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே இருந்தால் அட்டை காலாவதியாகும். ஒரு நிதியாண்டில் இங்கே 182 நாள் ஆகிவிட்டால், வருமான வரிக்கு இந்தியாவில் வசிப்பவராகிவிடுவார்.