நெல்லிக்கனி பெற்ற அவ்வையும் ஆத்திசூடி அவ்வையும்

இருவரும் ஒரே ஆள் இல்லை. அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கிய அவ்வையார்தான் ஆத்திசூடியும் பாடினாரா என்று கேட்டிருக்கிறீர்கள், இரண்டுக்கும் நடுவே பல நூற்றாண்டுகள் இருக்கின்றன. முன்னவர் சங்ககாலப் புலவர், பின்னவர் சோழர் காலத்தவர் என்பதே ஆய்வாளர்கள் பரவலாக ஏற்கும் கருத்து.

குழப்பத்துக்குப் பெயரே காரணமாக இருக்கலாம். அவ்வை என்பது மூத்த பெண்ணை மதிப்போடு குறிக்கும் சொல், அதனால் வெவ்வேறு காலத்துப் பெண்கள் அதே பெயரில் வழங்கப்பட்டு, கதை சொல்பவர்கள் வாயில் ஒரே கோலூன்றிய பாட்டியாகிவிட்டார்கள். முருகன் அவ்வையிடம் சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று கேட்ட கதையும் அப்படி வந்து ஒட்டிக்கொண்டதுதான், சங்கப் பாடல்களில் அது கிடையாது.

சரி, நீங்களே ஒன்று செய்து பாருங்கள். புறநானூற்றில் 91-ஐயும் 89-ஐயும் அடுத்தடுத்துப் படியுங்கள். 91-இல் நெல்லிக்கனி இருக்கிறது. 89-இலோ பகை வேந்தன் அவ்வையாரை மை தீட்டிய கண்ணும் ஒளிவீசும் நெற்றியும் உடைய விறலி, அதாவது ஆடிப் பாடும் பெண் கலைஞர், என்று அழைக்கிறான். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, அங்கே பாட்டியே இல்லை!

ஒன்றில் மட்டும் கவனம்: 89-இன் வருணனை கவிதை மரபாகவும் இருக்கலாம், அதை வைத்து வயதைக் கணக்கிட்டுவிடாதீர்கள். அதேபோல 91 கனி கொடுத்ததற்குத்தான் சான்று, அது ஆயுளை நீட்டித்தது என்பதற்கு அல்ல.