பல்லில் விழுந்த கோடு மன அழுத்தத்தைக் காட்டுமா?

வணக்கம். பழைய புதைகுழிகளில் கிடைத்த பெரியவர்களின் பல் எனாமலில் உள்ள கோடுகளை எண்ணி, அவர்களது அன்றாட மன அழுத்தத்தைப் பற்றி ஒரு அத்தியாயம் எழுதினீர்கள், நெறியாளர் ஏற்கவில்லை என்கிறீர்கள். வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

அந்தக் கோடு பல்லின் மேல்பகுதி உருவாகும்போதே விழுவது. ஞானப்பல் தவிர மற்ற நிலைப்பற்களில் அந்த வேலை ஏறக்குறைய 8 வயதுக்குள் முடிந்துவிடும், எனாமல் பிறகு புதிதாக வளராது. ஆக, 40 வயதில் இறந்தவரின் பல்லில் நீங்கள் பார்ப்பது அவர் குழந்தையாக இருந்தபோது வந்த கடும் காய்ச்சலையோ பட்டினியையோதான். பெரியவரான பிறகு பட்ட கவலை அதில் பதியாது. 1992இல் மானுடவியலாளர் ஜேம்ஸ் வுட்டும் சக ஆய்வாளர்களும் எழுப்பிய கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோடு உள்ளவர் அந்த நெருக்கடியைத் தாண்டிப் பிழைத்தவர். கோடு இல்லாதவர் கோடு விழும் முன்பே இறந்த குழந்தையாகவும் இருக்கலாம்.

தலைமுடி ஏதும் கிடைத்ததா? முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும், மன அழுத்தத்தின்போது உடலில் கூடும் கார்டிசால் என்ற ஹார்மோன் அதில் தங்கும். பெருவில் கிடைத்த பழங்கால முடியில் இதை அளந்து 2010இல் ஆய்வு வெளியானது. இறப்பதற்கு முந்தைய மாதங்களின் ஏற்ற இறக்கம் அதில் தெரியும்.

முடி இல்லையென்றாலும் சரி, தரவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தலைப்பில் 'மன அழுத்தம்' என்பதை எடுத்துவிட்டு 'குழந்தைப்பருவ உடல் நெருக்கடி' என்று மாற்றுங்கள். அப்புறம், ஈறு ஓரத்து எனாமல் விளிம்பிலிருந்து கோடு எவ்வளவு தூரம் என்று அளந்தீர்களா? கோடு விழுந்த வயதைக் கணக்கிட அது கட்டாயம் வேண்டும்.