சொன்னதைச் சொன்னபடி

கடிதம்:

அன்புள்ள ஐயா,

சேலத்தில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு ஏற்காட்டில், நாகலூர் போகும் வழியில். குழந்தைகளுக்குப் படைப்பெழுத்து சொல்லித்தரும் லண்டன் தொண்டு நிறுவனம் ஒன்றில் கோடைக்கால இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. மே இரண்டாம் வாரம் தொடங்கி 8 வாரம், வாரத்துக்கு 15 மணி நேரம், ஊரில் இருந்தபடியே. சம்பளம் கிடையாது, சான்றிதழ் உண்டு. ஊர்ப் பிள்ளைகள் 12 பேரை வைத்து 6 வகுப்பு எடுத்து, அவர்கள் கதைகளைச் சிறு புத்தகமாக்கி ஆங்கில மொழிபெயர்ப்போடு அனுப்ப வேண்டும். ஒருநாள் முயன்று பார்த்தேன். “கதை எழுதுங்க” என்றதும் எல்லாரும் பேப்பரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு பேர் முயல் ஆமைக் கதையை எழுதித் தந்தார்கள். அதிலும் நிறையப் பிழை. எங்கே தொடங்குவது? சம்பளமில்லாமல் இதைச் செய்வது சரிதானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

பேப்பரைக் கொடுத்ததுதான் சிக்கல். ஒன்பது பத்து வயதுப் பிள்ளைக்கு எழுதுவது என்றால் கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவது. கற்பனை, எழுத்துக்கூட்டல், கையெழுத்து மூன்றையும் ஒரே நேரத்தில் கேட்டால் கை முதலில் சோரும், அதோடு கதையும் நின்றுபோகும். முயல் ஆமைக் கதை வந்ததும் அதனால்தான். ஏற்கெனவே தெரிந்த கதை என்றால் கையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதுமல்லவா? முதல் மூன்று வகுப்புக்கு எழுதவென்று அவர்கள் கையில் பென்சிலே வேண்டாம். அவர்கள் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள்.

சான்பிரான்சிஸ்கோவில் 2002-இல் தொடங்கிய 826 வலென்சியாவும், டப்ளினில் 2009-இல் தொடங்கிய ஃபைட்டிங் வேர்ட்ஸும் பிள்ளைகளுக்கான எழுத்து மையங்கள். அவை பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்வது ஏறக்குறைய இதுதான். எல்லாரும் சேர்ந்து ஒரு கதையைச் சொல்லிக்கொண்டே போவார்கள். ஒருவர் தட்டச்சு செய்ய அது திரையில் தெரியும், இன்னொருவர் படம் வரைவார். கதை முடிச்சு விழும் இடத்தில் நிறுத்திவிடுவார்கள். முடிவை ஒவ்வொரு பிள்ளையும் தனியாக எழுத வேண்டும். உங்களுக்குத் திரை வேண்டாம். சுவரில் ஒட்டிய சார்ட் பேப்பரும் தடித்த மார்க்கரும் போதும். தாங்கள் சொன்ன வாக்கியம் அப்படியே பெரிதாகச் சுவரில் ஏறுவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும், அதுதான் முக்கியம்.

ஒரு வகுப்புக்கு 90 நிமிடம் வையுங்கள். காலை 10 மணிக்கே தொடங்கிவிடுங்கள், மே மாதத்தில் மலையில் மதியத்துக்கு மேல் இடி மழையை நம்ப முடியாது. முதல் 15 நிமிடம் கதாநாயகனைக் கண்டுபிடிக்க. சினிமாவிலோ கார்ட்டூனிலோ வந்த ஆளாக இருக்கக் கூடாது என்பது ஒன்றே விதி. அது எதைக் கண்டால் பயப்படும், அதற்கு என்ன வேண்டும், யாரிடமும் சொல்லாத ரகசியம் என்ன என்று கேளுங்கள். கை தூக்க வைத்து முடிவு செய்யுங்கள். தோற்றுப்போன யோசனைக்காரர் முகம் வாடும், அவர் சொன்னதைக் கதையில் இரண்டாவது ஆளாக உடனே சேர்த்துவிடுங்கள். அடுத்த 40 நிமிடம் கதை. பிறகு படம் வரைய 25. கடைசி 10 நிமிடம் முழுக்கதையையும் சத்தமாக வாசிக்க.

“அப்புறம் என்ன ஆச்சு?” என்று மட்டும் கேட்டுக்கொண்டே போகாதீர்கள். ஐந்தாவது முறை கேட்கும்போது கதையில் எல்லாரும் செத்திருப்பார்கள். “அது எங்க நடந்துச்சு? அங்க என்ன வாசனை? என்ன சத்தம் கேட்டுச்சு?” என்று கதையை ஒரே இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். வாயே திறக்காத பிள்ளையிடம் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப் பாருங்கள்: “காட்டெருமைக்குக் கொம்பு கெடையாது, இல்ல?” “தெரியல” என்று சொல்லிவந்த பிள்ளை உங்களைத் திருத்தத் தொடங்கிவிடும். ஒரு பையனே பேசிக்கொண்டிருந்தால் அவனை அடக்க வேண்டாம், வரிசையாக ஆளுக்கு ஒரு வாக்கியம் என்று மாற்றுங்கள்.

இனி இந்த இன்டர்ன்ஷிப்பின் உயிரான இடத்துக்கு வருகிறேன். ஒரு பிள்ளை இப்படிச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

“காட்டெரும வந்து நின்னுச்சு. எங்க நாய் கொலைக்கல. கொலைக்காம படுத்துக்கிச்சு.”

இலக்கியம் படிக்கும் கை இதைச் சும்மா விடாது. “காட்டெருமையைக் கண்ட எங்கள் நாய் பயந்துபோய்க் குரைக்காமல் படுத்துக்கொண்டது” என்று எழுதிவிடும். மூன்று வாக்கியம் ஒன்றாகிவிட்டது. அந்தப் பிள்ளை “பயந்துபோய்” என்று சொல்லவே இல்லை. நாய் குலைக்கவில்லை என்று சொல்லி, ஒரு மூச்சு விட்டு, படுத்துக்கொண்டது என்று சொன்னது. பயம் முழுக்க அந்த இடைவெளியில் இருக்கிறது. திருத்தியவர் அதை அடைத்துவிட்டுத் தன் சொல் ஒன்றை வைத்துவிட்டார். உங்களுடைய 8 வாரமும் இந்த ஒரு சபலத்தோடுதான் போராட்டம். நீங்கள் எழுத்தாளராக அங்கே போகவில்லை. எழுதித்தருபவராகப் போகிறீர்கள். அது சின்ன வேலை இல்லை.

பிழை விஷயத்திலும் இதையே பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுடைய நான்காவது வகுப்பிலிருந்து பிள்ளைகள் தாங்களே முடிவுகளை எழுதும்போது “மளை”, “பரவை” என்று வரும். அச்சுக்குப் போகும்போது அதை மழை, பறவை என்று மாற்றலாம், வாசிப்பவர் தடுக்கி விழுவார் என்பதால். ஆனால் “என்னைய”, “போயிருச்சு”, “அப்பறம்” எல்லாம் பிழை அல்ல, பேச்சு. அதைத் தொடக்கூடாது. மாற்றியதைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டி “சரிதானா?” என்று கேளுங்கள். வகுப்பில் சிவப்பு மையே வேண்டாம்.

மொழிபெயர்ப்பை அன்றன்றைக்கே செய்துவிடுங்கள். குரல் காதில் இருக்கும்போது செய்தால்தான் மூன்று வாக்கியம் ஆங்கிலத்திலும் மூன்றாக நிற்கும். சாமைச்சோறு, களி போன்றவற்றை அப்படியே வைத்து, வாக்கியத்துக்குள்ளேயே புரிய வையுங்கள். இன்னொன்று, உங்கள் வகுப்பில் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் இருப்பார்கள். அறிக்கையில் வெறுமனே “மலையாளி” என்று எழுதினால் லண்டனில் இருப்பவர் கேரளம் என்றே புரிந்துகொள்வார். சேர்வராயன் மலையில் வாழும், தமிழ் பேசும் பழங்குடி மக்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. அறையில் எப்போதும் பெரியவர்கள் இருவர். பெற்றோரிடம் தமிழில் ஒப்புதல் தாள். கதைக்குத் தனி, புகைப்படத்துக்குத் தனி. வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. கதையின் பதிப்புரிமை பிள்ளைக்குத்தான். மைனர் போடும் ஒப்பந்தம் இந்தியச் சட்டப்படி செல்லாது என்பதால் பெற்றோர் கையெழுத்து கட்டாயம். அச்சில் பெயரும் வயதும் போதும், ஊர் வேண்டாம். ஒரு பிள்ளை தனக்கு நடந்த பாலியல் கொடுமையைக் கதையாகச் சொன்னால் “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, அதை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098. உங்கள் மேற்பார்வையாளருக்கும் அன்றே சொல்லுங்கள்.

சம்பளம் பற்றி. வாரம் 15 மணி நேரம், 8 வாரம் என்றால் 120 மணி நேரம். கற்றுக்கொள்வதற்காக அதைக் கொடுக்கலாம், ஆனால் கைக்காசும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. பேருந்து, நெட், ஜெராக்ஸ் செலவை யார் ஏற்பது, மேற்பார்வையாளர் யார், வாரம் எத்தனை முறை பேசுவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பதிவுக் கட்டணம் என்று யாராவது கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இங்கிலாந்து அறக்கட்டளை என்றால் பெரும்பாலும் பதிவு எண் இருக்கும், அங்குள்ள சேரிட்டி கமிஷன் பதிவேட்டில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். நிகழ்ச்சி நடத்தவென்று வெளிநாட்டுப் பணத்தை உங்கள் கணக்கிலோ ஊர்ச் சங்கத்தின் கணக்கிலோ வாங்கிவிடாதீர்கள். வெளிநாட்டு நன்கொடையைக் கட்டுப்படுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் குறுக்கே வரும், முதலில் கல்லூரியில் கேளுங்கள். கூட்ட நேரத்தையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். கோடையில் லண்டன் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். அவர்களின் மதியம் 3 மணி உங்களுக்கு இரவு ஏழரை, மழை பெய்தால் கரண்ட் போகும் நேரம்.

புத்தகத்துக்கு ஏ4 தாளைப் பாதியாக மடித்தால் போதும். பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 8 பக்கத்துக்கு இரண்டு தாள்: முதல் தாளின் வெளிப்புறம் 8, 1, உட்புறம் 2, 7. இரண்டாம் தாள் 6, 3, பிறகு 4, 5. லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் அச்சிடும்போது ‘புரோஷர்’ என்று தேர்ந்தெடுத்தால் அதுவே அடுக்கிக்கொள்ளும். இருபக்க அச்சில் குறுகிய ஓரம் திரும்பும்படி வையுங்கள், நீண்ட ஓரத்தில் வைத்தால் பின்பக்கம் தலைகீழாக வரும். எழுத்து 14 புள்ளிக்குக் குறைய வேண்டாம், யூனிகோடிலேயே தட்டுங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் செய்பவர் என்றால் அதில் உள்ள வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற அமைப்பைப் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். சேலம் கடைக்குக் கொடுக்கும் முன் ஒரே ஒரு பிரதி அச்சிட்டு, பிள்ளைகளையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். “நான் இப்படிச் சொல்லல” என்று யாராவது சொன்னால் அந்த வரியைத் திருத்திய பிறகு மற்றவற்றை அச்சிடுங்கள். பிள்ளைக்கு இரண்டு பிரதி கொடுங்கள். ஒன்று எப்படியும் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விடும்.