ரெயில்ஸ் ஸ்கோப் கோக்குறதுல சந்தேகமா, கேளுங்க

கம்பத்துல உக்காந்து ஏலக்கா யாவாரிங்களுக்கு ஸ்டாக் ஆப் எழுதுறேன், பூரா ரெயில்ஸ்தான் (ரூபி மொழியில வெப் ஆப் எழுதுற ஃப்ரேம்வொர்க்). ஸ்கோப் பத்தி ஆளாளுக்கு தனித்தனியா கேக்குறீங்க, எல்லாத்துக்கும் இங்கயே சொல்லிர்றேன்.

கூடலூர் தம்பி: அண்ணே, ஒரே வேர் (where) கண்டிஷன பத்து எடத்துல காப்பி பண்ணி வச்சிருக்கேன். ஸ்கோப் போட்டா என்ன லாபம்?

கண்டிஷனுக்கு மாடல்ல (டேட்டாபேஸ் டேபிளுக்கான கிளாஸ்) ஒரு பேர் வச்சிர்ற, அவ்ளோதான்பா. என் லாட் (ஏலத்துக்கு வர்ற ஒரு குவியல் காய்) மாடல்ல 8 எம்எம் காய்க்கு 'போல்ட்', விக்காம கெடக்குறதுக்கு 'பாக்கி', புத்தடி ஏலத்துக்கு 'புத்தடி'ன்னு இருக்கு. லாட்.புத்தடி.போல்ட்.பாக்கின்னு கோத்துக்கிட்டே போனா எல்லாம் ஆண்ட் (எல்லா கண்டிஷனும் பொருந்தணும்) ஆகி ஒரே எஸ்கியூஎல்லா (டேட்டாபேஸ்கிட்ட கேக்குற கேள்வி) போகும், அதுவும் நீ ஈச் போட்டு சுத்துறப்பவோ கவுண்ட் கேக்குறப்பவோதான் டேட்டாபேஸ் பக்கமே போகும். 2008ல ரெயில்ஸ் 2.1ல நேம்ட் ஸ்கோப்னு வந்தது, 3ல வெறும் ஸ்கோப் ஆயிருச்சு.

குமுளி: டீலர் மாடல்ல 'லைசென்ஸ் உள்ளவங்க' ஸ்கோப் இருக்கு. லாட்டுக்கும் வேணும், திரும்ப எழுதணுமாண்ணே?

வேணாம். லாட்ட டீலரோட ஜாயின்ஸ் பண்ணிட்டு (ரெண்டு டேபிளையும் இணைக்கிறது) மெர்ஜுக்குள்ள (இன்னொரு தேடலோட கண்டிஷன எடுத்துக்குறது) டீலரோட ஸ்கோப்ப குடுத்துரு. ஒண்ணு மட்டும் பாத்துக்க, ஒரே காலத்துக்கு (column, டேபிளோட பத்தி) ரெண்டு பக்கமும் கண்டிஷன் இருந்தா மெர்ஜ் ரெண்டையும் சேக்காது, பின்னாடி வந்தது முன்னாடி இருந்தத தூக்கிரும். அப்புறம் ஸ்டேட்டஸ்னு ரெண்டு டேபிள்லயும் காலம் இருக்கும், அத ஸ்ட்ரிங்கா எழுதினா எந்த டேபிள் ஸ்டேட்டஸ்னு தெரியாம எரர் அடிக்கும், ஹாஷா (காலம் பேரும் மதிப்பும் ஜோடியா) எழுதினா டேபிள் பேர ரெயில்ஸே போட்டுக்கும்.

போடி: ஆண்ட் ஓகே. ஆர் (ஏதாவது ஒண்ணு பொருந்தினா போதும்) வேணும்னா?

இங்கதான் நானே மாட்டுனேன். ஆர் 2016ல ரெயில்ஸ் 5லதான் வந்துச்சு. விக்காத லாட்ல போல்ட் இல்லன்னா புத்தடி, இது வேணும்னு லாட்.பாக்கி.போல்ட்.ஆர்(லாட்.புத்தடி)ன்னு எழுதிட்டேன். குமுளி மலை ஏறுற பஸ்ல இருக்கேன், யாவாரி போன் போடுறார், "தம்பி, போன வாரம் வித்த காயெல்லாம் கையிருப்புல காட்டுதே, எடுத்துக் குடுக்கவா?"ன்னு. லேப்டாப்ப மடியில வச்சு டூ எஸ்கியூஎல் (to_sql, போற எஸ்கியூஎல்ல காட்டும்) போட்டு பாத்தா பாக்கியும் போல்டும் ஆருக்கு இடது பக்கமா ஒண்ணா போயிருச்சு, புத்தடி தனியா நிக்குது, வித்ததோ விக்காததோ புத்தடி லாட்னா உள்ள வந்துரும். சரியானது லாட்.பாக்கி.மெர்ஜ்(லாட்.போல்ட்.ஆர்(லாட்.புத்தடி)), இப்ப ஆர் ஒரு அடைப்புக்குறிக்குள்ள போயிரும், பாக்கி வெளிய நிக்கும். 6.1ல இருந்து மெர்ஜுக்கு பதிலா ஆண்டே இருக்கு, படிக்கவும் நல்லாருக்கும். ஆருக்கு ஒரு பக்கம் மட்டும் ஜாயின்ஸ் இருந்தா ஆர்க்யுமெண்ட் எரர் வரும், ரெண்டு பக்கமும் போடு.

வண்டன்மேடு: பழைய ரெயில்ஸ் 3 ஆப். 'இன்னிக்கு லாட்' ஸ்கோப் முந்தாநேத்து தேதியிலயே நிக்குது.

முந்தாநேத்துதான சர்வர ரீஸ்டார்ட் பண்ணீங்க? லாம்டா (கூப்பிடுறப்ப மட்டும் ஓடுற குட்டி கோட்) இல்லாம எழுதிருப்பீங்க, கிளாஸ் லோடு ஆனப்ப இருந்த தேதி அப்படியே ஒட்டிக்கிச்சு. 4.1ல இருந்து லாம்டா இல்லாம ஸ்கோப் எழுதவே விடாது.

தேனி: எல்லா எடத்துலயும் பாக்கி வேணும், டிஃபால்ட் ஸ்கோப்ல போட்டுறவா?

போடாத. ஹாஷா எழுதின கண்டிஷன்னா நியூ போடுற ரெக்கார்டுலயும் அந்த மதிப்பு வந்து ஒக்காந்துக்கும், ஆறு மாசம் கழிச்சு ஏன்னே தெரியாம முழிப்ப. ஏற்கனவே போட்டுட்டன்னா அன்ஸ்கோப்ல காலம் பேர சொல்லி அத மட்டும் கழட்டு.

கூடலூர் தம்பி: திரும்ப நாந்தாண்ணே. கிரேடு குடுத்தா ஃபில்டர், குடுக்கலன்னா எல்லாம் வரணும். ஸ்கோப்பா கிளாஸ் மெத்தடா?

ஸ்கோப். உள்ள இஃப் போடு, நில் (nil, ஒண்ணுமில்ல) வந்தா ஸ்கோப் ஆல் (எல்லா ரெக்கார்டும்) குடுத்துரும், கோத்தது அறுகாது. கிளாஸ் மெத்தட்ல நில் அப்படியே வெளிய வரும், அடுத்த புள்ளி வச்ச எடத்துல உடையும். இதுலயே ஒரு குழியும் இருக்கு, ஸ்கோப்புக்குள்ள ஃபைண்ட் பை (ஒரே ஒரு ரெக்கார்ட தேடுறது) போட்டுறாத, ரெக்கார்டு கெடைக்கலன்னா நில், நில்னா ஆல், ஒரு லாட்ட தேடினா மொத்த டேபிளும் வந்து நிக்கும்.