பேரப்பிள்ளையைச் சொந்தப் பிள்ளையாகப் பதியலாமா?

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்து வீடமைப்பில் இருக்கிறோம். மகளுக்கு 17 வயது, படிவம் 5. ஐந்து மாதம் என்று இப்போதுதான் தெரிந்தது. பையனுக்கு 20. கோயிலில் தாலி கட்டிவிட்டு, குழந்தையை என் பிள்ளையாகவே பதிந்துவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு 43 வயது. செய்யலாமா?
– ஒரு தாயார்

பதில்: வேண்டாம்மா. பொய்த் தகவல் கொடுத்துப் பதிவது குற்றம். அதைவிட, காரியமும் நடக்காது. பிரசவம் மகளின் மைகார்ட் (அடையாள அட்டை) எண்ணில்தான் மருத்துவமனையில் ஏறும். தேசியப் பதிவு இலாகாவில் காட்ட வேண்டிய பிறப்பு உறுதிக் கடிதமும் அவள் பேரில்தான் வரும். உங்கள் கார்டைக் கொடுத்துக் கிளினிக்கில் பதியலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அது இன்னும் ஆபத்து. இரத்த வகை, வயது எல்லாமே தாய் நலப் புத்தகத்தில் குழம்பிவிடும். பிரசவத்தில் இரத்தம் போனால் யாருடைய வகையைப் பார்த்து ஏற்றுவார்கள்?

சரியான வழி: பிறந்த 60 நாளுக்குள் மகள் பேரில் பதியுங்கள். பெற்றோருக்குச் சட்டப்படி திருமணம் இல்லாவிட்டால் குழந்தைக்குக் குடியுரிமை தாய்வழி வரும். மகள் குடிமகள் என்றால் கவலையில்லை. பெற்றோர் இருவரும் சேர்ந்து கேட்டால்தான் பத்திரத்தில் அப்பா பேர் ஏறும். இல்லாவிட்டால் அந்தப் பகுதியில் 'மாக்லுமாட் தீடாக் டிபெரோலேஹி' (தகவல் இல்லை) என்று வரும். பலர் பொய் சொல்வது இந்த மூன்று சொல்லுக்குப் பயந்துதான். பையன் ஒப்புக்கொண்டால் அவனையும் பதிவு இலாகா முகப்புக்குக் கூட்டிப் போங்கள்.

தாலி கட்டுவதால் மட்டும் திருமணம் சட்டப்படி ஆகாது, பதிவு வேண்டும். மகளுக்கு 18 ஆகாததால் மந்திரி பெசாரின் (மாநில முதல்வர்) அனுமதி வேண்டும். பையனுக்கு 21 ஆகாததால் அவன் வீட்டுச் சம்மதமும் வேண்டும். அவசரம் எதற்கு? பிற்பாடு முறைப்படி பதிந்து மணந்தாலும் குழந்தைக்குச் சட்ட அந்தஸ்து கிடைக்க வழி உண்டு.

இந்த வாரமே சுகாதாரக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். கல்யாணம் ஆகாதவளுக்கும் தாய் நலப் புத்தகம் போடுவார்கள். இந்த வயதில் இரத்தசோகை, இரத்த அழுத்தம், குறைமாதம் மூன்றையும் கவனிப்பார்கள். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே என்றால் இரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கக் கூடாது, சத்து உடம்பில் சரியாகச் சேராது. கடும் தலைவலி, கண் மங்கல், முகம் வீங்குதல், இரத்தப்போக்கு – இதில் எது வந்தாலும் உடனே மருத்துவமனை. கிளினிக்கில் சமூக நல இலாகாவுக்குத் தெரிவித்தால் பதற வேண்டாம், 18 வயதுக்குக் கீழ் என்பதால் கேட்பார்கள். 16 ஆகாத பெண் என்றால் விஷயம் வேறு. சம்மதம் என்ற பேச்சே சட்டத்தில் எடுபடாது, போலீஸ் வழக்கு.

பெரியம்மா வீட்டுக்கு வேற்றூர் அனுப்பி ஒளிக்கிற பழக்கம் நம் தோட்டங்களில் உண்டு. பரிசோதனையும் விட்டுப்போகும், எஸ்பிஎம் (படிவம் 5 அரசுத் தேர்வு) எழுதுவதும் போகும். பையன் மட்டும் மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போவான், அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பள்ளிக் கவுன்சலரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். இந்த ஆண்டு முடியாவிட்டால் தனியார் வேட்பாளராக எழுதலாம்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இப்படி ஆகிவிட்டது. என் மகளை அவளோடு பழக விடலாமா?

பதில்: விடுங்கள். கர்ப்பம் ஒட்டிக்கொள்ளாது. முடிந்தால் வகுப்புப் பாடக் குறிப்புகளை வாரா வாரம் உங்கள் மகள் கையில் கொடுத்தனுப்புங்கள். உதவி தேவைப்பட்டால் 15999, 'தாலியான் காசே' என்ற அரசு உதவித் தொலைபேசி.