பள்ளிக்கூடத்துக்கு முந்திய பேச்சும் எழுத்தும்: நெல்லைப் பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்

பாளையங்கோட்டையில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பேச்சு, வாசிப்பு பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

மேலப்பாளையம், ஓர் அம்மா: நாள் முழுக்க பீடி சுத்துறேன் டீச்சர். நாலு வயசு மகளுக்குப் புத்தகம் வாசிச்சுக் காட்ட நேரமே இல்ல. அவ படிப்பு கெட்டுப்போகுமா?

கெடாது தங்கச்சி. கை இலையில் இருந்தாலும் மகளோடு பேசலாமே. ரேச்சல் ரோமியோவும் அவர் குழுவினரும் நாலிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். கதை கேட்கும்போது பிள்ளையின் மூளையில் மொழிக்கான பகுதி எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்பது, பெரியவர்கள் எத்தனை சொல் பேசினார்கள் என்பதைப் பொறுத்து அமையவில்லை. பிள்ளையும் பெரியவரும் எத்தனை தடவை மாறி மாறிப் பேசினார்கள் என்பதோடுதான் அது ஒத்துப்போனது. குடும்ப வருமானத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். அதனால் “கடைக்குப் போனியே, அங்க யாரைப் பார்த்த?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். காத்திருப்பதைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். “மதினி” என்று ஒரு சொல்லில் நிறுத்தினால், “மதினி என்ன வாங்குனா?” என்று நீட்டுங்கள்.

முக்கூடல், ஓர் அண்ணன்: ஏழை வீட்டுப் பிள்ளைங்க மூணு கோடி சொல் குறைவா கேட்குதுன்னு படிச்சேன். நிசமா?

ஹார்ட், ரிஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1995இல் சொன்னது அது. அவர்கள் பார்த்தவை அமெரிக்காவில் 42 குடும்பங்கள் மட்டும். 2018இல் ஸ்பெர்ரி குழுவினர் வீட்டில் மற்றவர்கள் பேசுவதையும் சேர்த்து எண்ணியபோது அந்த இடைவெளி அப்படி நிற்கவில்லை. ஆச்சி, சித்தி, பக்கத்து வீட்டார் என்று ஆள் நிறைந்த நம் தெருக்களுக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்தாதீர்கள். ஆனாலும் பிள்ளையின் முகம் பார்த்துப் பேசும் பேச்சுக்குத் தனி மதிப்பு உண்டு.

வள்ளியூர், ஓர் அப்பா: எல்.கே.ஜி.யில அ முதல் ஃ வரை எழுதச் சொல்றாங்க. பையன் பென்சிலைக் கண்டாலே அழுறான்.

மூன்றரை வயதில் பக்கம் பக்கமாக எழுத வைப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. தமிழில் 247 எழுத்து. கன்னடப் பிள்ளைகளிடம் சோனாலி நாக் செய்த ஆய்வில், எழுத்துகள் முழுவதும் கைவரத் தொடக்கப்பள்ளியில் பல வருடங்கள் ஆகின்றன என்று தெரிந்தது. நம் உயிர்மெய்யும் அதே வகை. எல்.கே.ஜி.யிலேயே முடித்துவிட வேண்டும் என்று ஏன் இந்த அவசரம்?

எழுத்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுத்துகளை அடையாளம் தெரிவது, சொல்லின் ஒலிகளைப் பிரித்தறிவது, தன் பெயரை எழுதுவது மூன்றும் பின்னாளில் வாசிப்போடு தொடர்புடையவை என்று அமெரிக்காவின் தேசிய ஆரம்ப எழுத்தறிவுக் குழு 2008இல் தொகுத்துச் சொன்னது. அவன் பெயரின் முதல் எழுத்தில் தொடங்குங்கள். “கத்தரிக்கா, கரண்டி, கடலை... இன்னொண்ணு சொல்லு” என்று விளையாடுங்கள். பஸ் போர்டில் ‘தென்காசி’ வந்தால் விரலால் தொட்டுக் காட்டுங்கள். ஆசிரியரிடமும் தயங்காமல் பேசுங்கள்.

சங்கரன்கோவில்: போன்ல பாட்டு போட்டா பேச்சு வருமா?

2003இல் பட்ரீசியா குல் என்ற ஆய்வாளர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி ஒலிகளைக் கேட்க வைத்தார். நேரில் ஆள் பேசியபோது கற்றார்கள், திரையில் கேட்டபோது கற்கவில்லை. நீங்களே பாடுங்கள்.

பத்தமடை, ஒரு தாத்தா: எனக்கு அவ்வளவா வாசிக்க வராது. பேரனுக்கு எப்படிப் புத்தகம் காட்ட?

படத்தைப் பார்த்துக் கேள்வி கேளுங்கள் தாத்தா, அவன் கதை சொல்லட்டும். 1988இல் வைட்ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளர் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான்: பெரியவர் கேட்க, பிள்ளை சொல்ல வேண்டும். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகள் பேச்சில் மற்றவர்களைவிடப் பல மாதம் முன்னே நின்றார்கள்.

களக்காடு, ஓர் அம்மா: ரெண்டேகால் வயசு. ‘அம்மா’ தவிர ஒண்ணும் வரல. அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினாராம், அத்தை காத்திரு என்கிறாங்க.

காத்திருக்க வேண்டாம் அம்மா. இந்த வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேச வேண்டும். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் முதலில் காது சோதனை செய்யுங்கள். காது நன்றாகக் கேட்கிறது என்றாலும், பேச்சுப் பயிற்சியாளரை எங்கே பார்ப்பது என்று விசாரித்துப் பார்த்துவிட்டே ஊருக்குத் திரும்புங்கள்.