பழனி படி இறங்கினா தொடை ஏன் பிடிச்சுக்குது? வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல சதையப் பத்திதான். போன இதழ்ல "முட்டி வலின்னா முதல்ல தொடைய பலமாக்குங்க"ன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன், அதுல ஆரம்பிச்ச வினை. ஒரே மாதிரி வந்ததை எல்லாம் சேர்த்து ஏழு கேள்வி எடுத்திருக்கேன். பேர் வேணாம்னு நிறைய பேர் கேட்டதால ஊர் மட்டும் போட்டிருக்கு.

ஜிம்ல சேர்ந்து 5 வாரம் ஆச்சு. முதல் நாள் 5 கிலோ டம்பிள்ஸ் தூக்கவே கை நடுங்குச்சு, இப்ப 10 கிலோ சாதாரணமா தூக்குறேன். ஆனா டேப் வச்சு அளந்தா கை அதே 28 சென்டிமீட்டர். ட்ரெய்னர் புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்றார். வாங்கணுமா? (22 வயசு, கோவை)

தம்பி, சதை ஏறவே இல்ல, ஆனா பலம் மட்டும் ரெண்டு மடங்கு ஆயிருக்கு, அது எப்படின்னு யோசிச்சீங்களா? ஒரு சதைக்குள்ள ஆயிரக்கணக்குல நார் இருக்கு, அது கொத்து கொத்தா பிரிஞ்சிருக்கும், ஒவ்வொரு கொத்துக்கும் தண்டுவடத்துல இருந்து ஒரு நரம்பு வந்து "இறுகு"ன்னு ஆர்டர் குடுக்கும். புதுசா வெயிட் தூக்குறவங்களுக்கு இந்த ஆர்டர் எல்லா கொத்துக்கும் ஒழுங்கா போகாது, போனாலும் மெதுவா போகும், பத்தாததுக்கு எதிர்ப்பக்கத்து சதையும் சேர்ந்து இறுகி பிரேக் போடும். கல்யாண வீட்டுல சாம்பார் அண்டா தூக்குறதைப் பாத்திருப்பீங்கல்ல, நாலு பேர் ஆளுக்கொரு நேரத்துல இழுத்தா அசையாது, மாஸ்டர் "ம்ம்... தூக்கு"ன்னு குரல் குடுத்ததும் அதே நாலு பேர்தான் அலுங்காம தூக்கிட்டுப் போயிடுவாங்க. உங்க கையில இந்த 5 வாரத்துல பெரும்பாலும் நடந்தது இந்தக் குரல் குடுக்கிற வேலை. நார் தடிக்கிற வேலையும் உள்ள ஆரம்பிச்சிருக்கும், ஆனா டேப்ல தெரிய ரெண்டு மாசம், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூட ஆகும். வெயிட்டை கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே போங்க, ஏன்னா பழகின வெயிட்டுக்கு சதை எதுவும் புதுசா செய்யாது.

பவுடர் விஷம் கிடையாது, மந்திரமும் கிடையாது. வெயிட் தூக்குறவங்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராம் புரோட்டீன் வரைக்கும் பிரயோஜனம், அதுக்கு மேல சாப்பிட்டா சதைக்கு பெரிசா எதுவும் சேராது. ஒரு முட்டையில 6 கிராம் இருக்கு. சுண்டல், பருப்பு, தயிர், மீன், கோழி எல்லாம் சேர்த்து கணக்கு போட்டுப் பாருங்க, அப்பவும் பத்தலைன்னா டப்பா பக்கம் போகலாம்.

பழனி போனோம். ஏறும்போது மூச்சுதான் வாங்குச்சு, கால் வலிக்கல. இறங்கி வந்து மறுநாள் காலைல தொடை பிடிச்சுக்கிட்டு பாத்ரூம்ல உக்காரக்கூட முடியல. லாக்டிக் ஆசிட் தேங்கிடுச்சுன்னு வீட்டுக்காரர் சொல்றார். (திண்டுக்கல்)

உங்க வீட்டுக்காரர் சொல்றது பள்ளிக்கூட பி.டி. வாத்தியார் காலத்துல இருந்து வர்ற கதைங்க. மூச்சு வாங்க ஏறும்போதுதான் லாக்டேட், அதாவது அவர் சொல்ற லாக்டிக் ஆசிட் சமாச்சாரம், கூடும், உக்காந்து ஒரு மணி நேரம் ஆனா ரத்தத்துல அது பழைய அளவுக்கே வந்துடும், மறுநாள் காலைல வர்ற வலிக்கு அது மேல கேஸ் போட முடியாது. குற்றவாளி இறங்கினதுதான். ஏறும்போது முன்தொடை சதை சுருங்கி உங்களைத் தூக்குது. இறங்கும்போது அதே சதை நீண்டுக்கிட்டே உங்க மொத்த எடையையும் பிடிச்சு நிறுத்தணும், கயித்தை விட்டு விட்டு வாளியை கிணத்துல இறக்குற மாதிரி. இப்படி இழுபடும்போது நாருக்குள்ள சின்னச் சின்ன இடத்துல பிசகும், அதை சரி பண்ண உடம்பு ஆள் அனுப்பும், அந்த மராமத்து நடக்கிறப்பதான் வலி. அதனாலதான் அன்னிக்கு ராத்திரி நல்லா தூங்கிட்டு ரெண்டாவது நாள் அலறுறோம்.

நல்ல சேதி என்னன்னா, இன்னும் ரெண்டு மூணு வாரத்துல மறுபடி போனீங்கன்னா இதே படி இதுல பாதிகூட வலிக்காது. ஒரே ஒரு தடவைக்கே சதை அவ்வளவு கத்துக்கும். வலிச்சாதான் எக்ஸர்சைஸ் வேலை செய்யுதுன்னு நினைக்கிறவங்களுக்கும் இதையே சொல்லிடறேன், வலி புது வேலைக்கு வர்றது, பலத்தோட அளவுகோல் அது இல்ல. ஒரே ஒரு எச்சரிக்கை: வலியோட யூரின் கறுப்பு டீ கலர்ல போனா வீட்டு வைத்தியம் வேணாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க, சதை உடைஞ்சு கிட்னியைப் பாதிக்கிற நிலைமையா இருக்கலாம்.

அம்மாவுக்கு 76. மொட்டை மாடியில தினமும் நடப்பாங்க, ஆனா சோபாவுல இருந்து எழுந்திரிக்க கை ஊன்றாங்க, ரெண்டு தடவை விழுந்துட்டாங்க. வெயிட் வச்சு பயிற்சி குடுங்கன்னு டாக்டர் சொல்றார். இந்த வயசுல போய் ஜிம்மா? (தஞ்சாவூர்)

1990-ல அமெரிக்காவுல பாஸ்டன்ல ஒரு முதியோர் இல்லத்துல மரியா ஃபியாட்டரோன்னு ஒரு டாக்டர் செஞ்சதை சொல்றேன். 10 பேரை எடுத்துக்கிட்டாங்க, எல்லாருக்கும் 90-ஐ ஒட்டின வயசு, கீழ விழுந்தவங்க, கோல் ஊன்றவங்க, பல வியாதிக்காரங்க. 8 வாரம், வாரத்துக்கு 3 நாள், காலை நீட்டி வெயிட் தூக்குற பயிற்சி. அதுவும் பாவம் வயசானவங்கன்னு ஒரு கிலோ ரெண்டு கிலோ குடுக்கல, அவங்கவங்களால அதிகபட்சம் எவ்வளவு முடியுமோ அதுல 80 சதவீதம் வரைக்கும் ஏத்தினாங்க. முடிச்சவங்களோட கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடிச்சு, ரெண்டு பேர் கோலை ஓரமா வச்சுட்டாங்க. தொடைச் சதை கூடினது என்னவோ 9 சதவீதம்தான், கோவை தம்பிக்கு சொன்ன அண்டா கதை 90 வயசுலயும் அப்படியே நடக்குது. ஆனா பயிற்சிய நிறுத்தி 4 வாரத்துலயே அந்த பலத்துல மூணுல ஒரு பங்கு போயிடுச்சு, இதையும் மறந்துடாதீங்க.

மாடியில நடக்கிறது நல்லதுதான், மூச்சுக்கும் மனசுக்கும். ஆனா வயசாக ஆக முதல்ல இளைக்கிறது வேகமா இறுகுற நாருங்க. கால் தடுக்கினா சட்டுன்னு அடுத்த காலை எடுத்து வச்சு விழாம பிடிக்கிறது அந்த நாருங்கதான், மெதுவா நடக்கும்போது அதுங்களுக்கு வேலையே வர்றதில்ல.

அதனால வீட்டுலயே ஆரம்பிங்க. கை வச்ச மர நாற்காலி ஒண்ணை பின்னாடி சுவத்துல முட்டுக் குடுத்து போடுங்க, கீழ மேட் இருந்தா எடுத்துடுங்க, புடவை கொசுவம் காலுல சிக்காம செருகிக்கட்டும். பாதத்தை முட்டிக்கு கொஞ்சம் பின்னாடி இழுத்து வச்சு, மூக்கு கால் விரலுக்கு நேரா வர்ற வரைக்கும் முன்னாடி சாயணும், அப்புறம் எழுந்திரிக்கணும். நிறைய பேருக்கு பலம் இருந்தும் எழ முடியாதது இந்த சாயறதுக்கு பயந்துதான். உக்காரும்போது தொப்புன்னு விழாம, ஒண்ணுல இருந்து நாலு எண்ணி இறங்கணும். ஆரம்பத்துல கை ஊன்றட்டும், பரவாயில்ல, அப்புறம் ஒரு கை, அப்புறம் விரல் நுனி. 10 தடவை சுலபமாயிடுச்சுன்னா மடியில ஒரு 2 கிலோ அரிசிப் பை. நீங்க பக்கத்துல நில்லுங்க, ஆனா தூக்கி விடாதீங்க. எனக்குத் தெரிஞ்சு அம்மாக்களைவிட மகன்கள்தான் சீக்கிரம் அவசரப்பட்டு கை குடுத்துடறாங்க.

சாப்பாடும் கேளுங்க. காலைல காபி, பிஸ்கட், ராத்திரி ரெண்டு இட்லின்னு ஓட்டுற வயசானவங்களுக்கு சதை எதை வச்சு கட்டும்? 50 கிலோ இருந்தா ஒரு நாளைக்கு 50-60 கிராம் புரோட்டீனாவது வேணும். கிட்னி பிரச்சனை இருந்தா மட்டும் டாக்டரைக் கேட்டுட்டு கூட்டுங்க.

எனக்கு சுகர் 9 வருஷமா. சாப்பிட்டு 20 நிமிஷம் நடந்தா ரீடிங் கம்மியா வருது, நடக்கலைன்னா எகிறுது. இன்சுலின் வேலை செய்யலைன்னுதானே வியாதியே, அப்புறம் நடந்தா மட்டும் எப்படி குறையுது? (திருநெல்வேலி)

அருமையான கேள்வி சார். சதை நாருக்குள்ள குளுக்கோஸ் போக ஒரு கதவு இருக்கு, சாதாரணமா அந்தக் கதவு நாருக்குள்ளயே மடிச்சு வச்சிருக்கும், இன்சுலின் வந்து தட்டினா மேல வந்து திறக்கும். உங்களுக்கு தட்டுறது உள்ள சரியா கேக்கல. ஆனா சதை இறுகி இறுகி விரியும்போது, இன்சுலினை எதிர்பார்க்காம உள்ள இருந்தே அந்தக் கதவைத் திறக்கிற தனி வழி ஒண்ணு இருக்கு, சுகர் வந்தவங்களுக்கும் அந்த வழி கெடாம இருக்கு.

இதுக்கு ஒரு பழைய சோதனை இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1966-ல ஸ்வீடன்ல பெர்க்ஸ்ட்ராம், ஹல்ட்மன்னு ரெண்டு டாக்டருங்க தங்களையே எலியா ஆக்கிக்கிட்டாங்க. ஒரே சைக்கிள், இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர், ஆளுக்கு ஒரு கால் மட்டும் பெடல் போட்டு இனி முடியாதுங்கிற வரைக்கும் மிதிச்சாங்க. அப்புறம் 3 நாள் மாவுச்சத்தா சாப்பிட்டுக்கிட்டு, தொடையில ஊசி குத்தி சதைய எடுத்து எடுத்துப் பாத்தாங்க. மிதிச்ச காலுல சேர்ந்த சர்க்கரை, அதாவது கிளைக்கோஜன், மிதிக்காத காலைவிட ரெண்டு மடங்கு. ஒரே உடம்பு, ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு, ஆனா வேலை செஞ்ச சதை மட்டும்தான் அள்ளி வச்சுக்கிச்சு.

இந்தப் பசி ஒரு நாள், மிஞ்சிப் போனா ரெண்டு நாள்தான் இருக்கும். அதனால ஞாயித்துக்கிழமை மட்டும் 10 கிலோமீட்டர் நடந்துட்டு வாரம் பூரா உக்காந்திருக்கிறது பிரயோஜனமில்ல, தொடர்ந்து ரெண்டு நாள் விடாதீங்க. வாரத்துக்கு 150 நிமிஷம் நடை, கூட ரெண்டு மூணு நாள் வெயிட். நம்ம ஆளுங்களுக்கு வெயிட் ரொம்ப முக்கியம், கை கால் ஒல்லியா, வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கிற உடம்புவாகுல சர்க்கரையை வாங்கி வைக்கிற குடோனே சின்னதா இருக்கு. கிளிமெபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுத்தா நடக்கப் போகும்போது பாக்கெட்ல ரெண்டு மிட்டாய் இருக்கட்டும், லோ சுகர் சொல்லிட்டு வராது.

அப்பாவுக்கு ஹார்ட் பம்பிங் 30 சதவீதம்தான். "எதுவும் செய்யக்கூடாது"ன்னு சொந்தக்காரங்க எல்லாரும் அவரை கட்டில்லயே வச்சிருக்காங்க. ஆனா நாளுக்கு நாள் இன்னும் சோர்ந்து போறார். (சேலம்)

சொந்தக்காரங்க பயம் புரியுது, ஒரு காலத்துல டாக்டருங்களே இதைத்தான் சொன்னாங்க. ஆனா படுக்கை என்ன செய்யும்னு 1966-லயே அமெரிக்காவுல டல்லாஸ்ல பாத்துட்டாங்க. 20 வயசுப் பசங்க 5 பேரை, நல்ல ஆரோக்கியமானவங்களை, 3 வாரம் கட்டிலை விட்டு எழுந்திரிக்க விடல. உடம்பு அதிகபட்சமா இழுக்கக்கூடிய ஆக்சிஜன் அளவு 27 சதவீதம் போல விழுந்துடுச்சு. 30 வருஷம் கழிச்சு, 50 வயசுல, தொந்தியோட அதே 5 பேரையும் கூப்பிட்டு மறுபடி அளந்தா, 30 வருஷத்துல போனது அந்த 3 வாரத்துல போனதைவிட கம்மி! அப்புறம் ஆறு மாசம் பயிற்சி குடுத்தாங்க, 30 வருஷத்துல போனது திரும்ப வந்துச்சு, அதுவும் இதயம் கூடுதலா பம்ப் பண்ணி வரல, வர்ற ரத்தத்துல இருந்து சதை ஆக்சிஜனை நல்லா உறிஞ்சக் கத்துக்கிட்டதுல வந்தது.

அப்பாவுக்கும் இதுதான் விஷயம். இதயம் பலவீனமானவங்களோட கால் சதைய எடுத்துப் பாத்தா, அதுல மைட்டோகாண்ட்ரியா, அதாவது ஆக்சிஜனை வச்சு நாருக்கு சக்தி தயாரிக்கிற குட்டி அடுப்புங்க, குறைஞ்சிருக்கும், களைப்பில்லாம நிதானமா வேலை செய்ற நாருங்க குறைஞ்சு சீக்கிரம் களைக்கிற நாருங்க கூடியிருக்கும். அவர் நாலு அடி வச்சதும் மூச்சு வாங்குறதுல இதயத்துக்கு ஒரு பங்குன்னா காலுக்கும் ஒரு பங்கு இருக்கு. இதயத்தை மாத்த முடியாட்டியும் காலை மாத்தலாம். 2009-ல வந்த ஒரு பெரிய ஆராய்ச்சியில பம்பிங் 35-ம் அதுக்குக் கீழயும் இருந்த 2,331 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு பயிற்சி குடுத்தாங்க. பாதுகாப்பானதுதான்னு தெரிஞ்சது, அன்றாட வாழ்க்கை கொஞ்சம் சுலபமாச்சு. ஆயுளைப் பெரிசா கூட்டிடும்னு நான் சொல்ல மாட்டேன், அதுல அப்படி வரல.

ஆனா நீங்களா ஆரம்பிக்காதீங்க. கால் வீக்கம், படுத்தா மூச்சுத் திணறல், ரெண்டு மூணு நாள்ல திடீர்னு எடை ஏறுறது இருந்தா முதல்ல அது சரியாகணும். கார்டியாலஜிஸ்ட்கிட்ட "ரீஹேப் ஆரம்பிக்கலாமா"ன்னு, அதாவது மேற்பார்வையோட குடுக்கிற பயிற்சி ஆரம்பிக்கலாமான்னு, வாயைத் திறந்து கேளுங்க. நாம கேக்காட்டி அந்தப் பேச்சே வராம மாத்திரைச் சீட்டோட முடிஞ்சிடறதுதான் நிறைய இடத்துல நடக்குது.

எக்ஸர்சைஸை விட்டா சதை எல்லாம் கொழுப்பா மாறிடுமாமே? (விருதுநகர்)

மாறாது. சதை வேற, கொழுப்பு வேற, தேங்கா மாங்காயா மாறுமா? சதை இளைக்கும், சாப்பாடு மட்டும் பழைய அளவுலயே போகும், அதனால கொழுப்பு சேரும், ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கிறதால அப்படித் தெரியுது.

இடது கையில எலும்பு முறிவு, மாவுக்கட்டு போட்டு 2 வாரம். கட்டு பிரிக்கிறதுக்குள்ள கை குச்சி ஆயிடுமோன்னு பயமா இருக்கு. (காரைக்கால்)

கொஞ்சம் இளைக்கத்தான் செய்யும், பயப்படாதீங்க, திரும்ப வரும். அதுவரைக்கும் ஒரு வேலை செய்யலாம். வலது கைக்கு நல்ல வெயிட்டா குடுத்து பயிற்சி பண்ணுங்க. கிண்டல் இல்லைங்க, ஒரு கைக்கு பயிற்சி குடுத்தா மத்த கைக்கும் பலத்துல ஒரு பங்கு போகுதுன்னு 1894-லயே அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல சோதிச்சு எழுதி வச்சிருக்காங்க. ஆர்டர் குடுக்கிற நரம்பு மண்டலம் ரெண்டு பக்கத்துக்கும் பொதுங்கிறதால வர்ற லாபம் இது. கட்டுக்கு வெளிய இருக்கிற விரல்களையும் டாக்டர் சம்மதிச்சா அடிக்கடி மடக்கி நீட்டுங்க. விரல் மரத்துப் போறது, நீலமாறது, கட்டு இறுக்குற மாதிரி வலி கூடிக்கிட்டே போறது, இதுல எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம அன்னிக்கே போய் காட்டிடுங்க.